ஆன்லைன் ஃபார்மில் சிவப்பு எழுத்தில் வரும் 'எரர்': எதனால் வருகிறது? எப்படி சரிசெய்வது?

போட்டித் தேர்வு விண்ணப்பம், பான் கார்டு, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், கல்லூரி சேர்க்கை, ரயில் டிக்கெட் கணக்கு... இன்று எல்லாமே ஆன்லைன் பதிவுதான். செல்போனிலேயே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்து, முப்பது நாற்பது கட்டங்களை நிரப்பி, கடைசியில் சப்மிட் பட்டனை அழுத்தினால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும்: 'இன்வேலிட் இன்புட்'.

"எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கேன், அப்புறம் ஏன் எடுக்க மாட்டேங்குது?" என்பதுதான் பெரும்பாலானோரின் கேள்வி. அதுவும் விண்ணப்பிக்கக் கடைசி நாள் இரவு என்றால் பதற்றம் இன்னும் அதிகம். ஒரு சின்ன புள்ளியோ, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியோ ஒரு வருட வாய்ப்பையே தள்ளிப்போட்டுவிடலாம்.

உண்மையில் இந்த எரர் மெசேஜ்களில் பெரும்பாலானவை ஒரு சில காரணங்களுக்குள் அடங்கிவிடும். அவை என்னென்ன, எது உங்கள் தவறு, எது தளத்தின் தவறு என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

எரர் மெசேஜ் எங்கிருந்து வருகிறது?

ஒரு ஃபார்ம் இரண்டு இடங்களில் சரிபார்க்கப்படுகிறது. முதலாவது, உங்கள் போனில் இருக்கும் பிரவுசர். கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறதா, இமெயிலில் @ குறி இருக்கிறதா, செல்போன் எண்ணில் 10 இலக்கம் இருக்கிறதா என்பதை எல்லாம் பிரவுசரே பார்த்துவிடும். அதனால்தான் சில எரர்கள் இன்டர்நெட் வேகம் குறைவாக இருந்தாலும் உடனே வந்துவிடுகின்றன.

இரண்டாவது, அந்தத் தளத்தின் சர்வர். இந்த செல்போன் எண்ணில் ஏற்கெனவே கணக்கு இருக்கிறதா, பிறந்த தேதிப்படி வயது வரம்புக்குள் வருகிறாரா, ஓடிபி சரியா என்பதெல்லாம் சர்வருக்குத்தான் தெரியும். பிரவுசரில் செய்யப்படும் சோதனையை விவரம் தெரிந்தவர்கள் தாண்டிவிட முடியும் என்பதால், சர்வர் எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை சரிபார்க்கும்.

இதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் பச்சை டிக் வந்த பிறகும், கடைசியில் சப்மிட் செய்யும்போது புதிதாக ஓர் எரர் வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. சர்வரிலிருந்து எரர் வந்து பக்கம் மறுபடி லோடு ஆகும்போது, பாஸ்வேர்ட், கேப்ட்சா, போட்டோ ஆகியவை பெரும்பாலும் காலியாகிவிடும். நீங்கள் தேர்வு செய்த ஃபைலை ஒரு தளம் தானாகவே மறுபடி எடுத்துவைக்க பாதுகாப்பு காரணங்களுக்காக பிரவுசர்கள் அனுமதிப்பதில்லை. சிவப்பில் காட்டிய ஒரு கட்டத்தை மட்டும் திருத்திவிட்டு அப்படியே சப்மிட் கொடுத்தால் மறுபடியும் எரர்தான் வரும். திருத்திய பிறகு போட்டோ, கையெழுத்து இரண்டும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆதார் எண்ணில் எரர் வந்தால்...

'ஆதார் எண் தவறு' என்று வந்ததும், "கார்டையே ரத்து பண்ணிட்டாங்களோ?" என்று பயப்படுபவர்கள் உண்டு. பெரும்பாலும் அப்படி இல்லை.

ஆதார் எண் 12 இலக்கம் கொண்டது. அதில் கடைசி இலக்கம், முன்னால் உள்ள 11 இலக்கங்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. வெர்ஹாஃப் என்ற நெதர்லாந்து கணிதவியலாளர் 1969-ல் வெளியிட்ட முறை இது. ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தாலோ, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் போட்டாலோ இந்தக் கணக்கு உடனே கண்டுபிடித்துவிடும். அதாவது 'எண் தவறு' என்று வந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டைப் செய்ததைத்தான்.

இன்னொரு சிக்கல் காப்பி பேஸ்ட். ஆதார் கார்டில் எண்கள் நான்கு நான்காக, நடுவே இடைவெளி விட்டு அச்சிடப்பட்டிருக்கும். அதை அப்படியே காப்பி செய்தால் 12 இலக்கம், இரண்டு இடைவெளி என மொத்தம் 14 எழுத்துகள் ஆகிவிடும். கட்டம் 12 எழுத்துக்கு மேல் ஏற்காது என்றால், கடைசி இரண்டு இலக்கம் சத்தமில்லாமல் வெட்டப்பட்டுவிடும். பார்ப்பதற்கு எண் முழுதாக இருப்பது போலவே தெரியும். எனவே ஆதார் எண்ணை கையால் டைப் செய்வதே நல்லது.

பான், ஐஎஃப்எஸ்சி: பூஜ்யமா, எழுத்தா?

பான் எண்ணில் மொத்தம் 10 எழுத்துகள். முதல் ஐந்தும் ஆங்கில எழுத்து, அடுத்த நான்கும் எண், கடைசி ஒன்று எழுத்து. இந்த வரிசை மாறினால் ஃபார்ம் ஏற்காது. நான்காவது எழுத்து அந்த பான் யாருடையது என்பதைக் காட்டும். தனிநபர் என்றால் 'பர்சன்' என்ற ஆங்கில வார்த்தையின் முதல் எழுத்து அங்கே இருக்கும். கம்பெனி, டிரஸ்ட் ஆகியவற்றுக்கு வேறு எழுத்துகள்.

வங்கிக் கிளையைக் காட்டும் ஐஎஃப்எஸ்சி கோட் 11 எழுத்து கொண்டது. முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிக்கும், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். நடுவில் ஐந்தாவதாக இருப்பது எப்போதும் பூஜ்யம். நிறைய பேர் இதை 'ஓ' என்ற ஆங்கில எழுத்து என்று நினைத்து டைப் செய்கிறார்கள். எரர் வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பழைய பாஸ்புக்கைப் பார்த்து ஐஎஃப்எஸ்சி போடுபவர்களும் கவனிக்க வேண்டும். அலகாபாத் வங்கி 2020 ஏப்ரலில் இந்தியன் வங்கியுடன் இணைந்தது. கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டது. இப்படி இணைந்த வங்கிகளின் பழைய கோடுகள் இப்போது செல்லாது. வங்கியின் ஆப் அல்லது புதிய பாஸ்புக்கில் உள்ள கோடைத்தான் போட வேண்டும்.

வங்கிக் கணக்கு எண்ணுக்கு எல்லா வங்கிகளுக்கும் பொதுவான நீளம் கிடையாது. ஆகவே அது சரியா தவறா என்று ஃபார்மால் எளிதில் சொல்ல முடியாது. இதனால்தான் கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்கிறார்கள், இரண்டாவது கட்டத்தில் பேஸ்ட் செய்ய விடுவதில்லை. அந்த இடத்தில் சலித்துக்கொள்ளாமல் பாஸ்புக்கைப் பார்த்து டைப் செய்தால், உதவித்தொகை வேறொருவர் கணக்குக்குப் போகாமல் தப்பிக்கலாம்.

இனிஷியலால் வரும் தலைவலி

தமிழ்நாட்டில் ஃபார்ம் நிரப்புபவர்களுக்கு அதிகம் சிக்கல் தருவது பெயர் கட்டம்தான். இங்கே பலருக்கு குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். ஆனால் பெரும்பாலான ஃபார்ம்கள் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்து, இரண்டையும் கட்டாயம் என்கின்றன.

இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தால் 'எழுத்துகள் மட்டுமே அனுமதி' என்று எரர் வரும். கடைசிப் பெயர் கட்டத்தில் ஒரே ஒரு எழுத்தைப் போட்டால், 'குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்' என்று சில தளங்கள் சொல்லும். "என் பேரே தப்புன்னு சொல்றாங்களா?" என்று கோபம் வருவது நியாயம்தான். பெயர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று ஃபார்மை வடிவமைத்தவர் நினைத்துக்கொண்டதே இங்கே பிரச்சனை.

என்ன செய்யலாம்? முதலில் அந்தந்த விண்ணப்பத்தின் விதியைப் பாருங்கள். உதாரணமாக, பான் விண்ணப்பத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் கட்டங்களில் இனிஷியல் போடக் கூடாது. விரித்து எழுத வேண்டும். ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள் அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விடலாம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே பெயர் கட்டம்தான் கட்டாயம், குடும்பப் பெயரைக் காலியாக விட முடியும்.

ஆனால் அப்படிக் காலியாக விடுவதற்கும் ஒரு விலை உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க முடியாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும் என்று பிறகு விளக்கம் தரப்பட்டது. வளைகுடா வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதை ஆரம்பத்திலேயே யோசிப்பது நல்லது.

தேர்வு விண்ணப்பங்களில், பத்தாம் வகுப்பு சான்றிதழில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுவதுதான் பாதுகாப்பு. ஃபார்ம் புள்ளியை ஏற்கவில்லை என்றால் புள்ளிக்குப் பதிலாக ஒரு இடைவெளி விடலாம். எரர் போக வேண்டும் என்பதற்காக பெயரின் எழுத்துகளை மாற்றவே கூடாது. ஃபார்ம் ஏற்றுக்கொள்ளும், ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பின்போது சிக்கல் வரும்.

போட்டோ ஏன் அப்லோடு ஆகவில்லை?

இன்றைய செல்போன் கேமராவில் எடுக்கும் படம் 2 எம்பி, 5 எம்பி என்று பெரிதாக இருக்கும். ஃபார்மோ கேபி அளவில் கேட்கும். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐபிபிஎஸ் போட்டோவை 20 முதல் 50 கேபிக்குள்ளும், கையெழுத்தை 10 முதல் 20 கேபிக்குள்ளும் கேட்கிறது. ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்தாகப் போட்ட கையெழுத்தை அது ஏற்பதில்லை. ஒவ்வொரு தேர்வுக்கும் அளவு மாறும் என்பதால் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

அதிகபட்ச அளவு மட்டுமல்ல, குறைந்தபட்ச அளவும் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படத்தை மிகவும் சுருக்கி 8 கேபி ஆக்கினாலும் எரர்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பி டவுன்லோடு செய்து சுருக்குவது சிலரின் வழக்கம். அதில் படம் மங்கிவிட வாய்ப்பு உண்டு.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் படங்களை 'எச்ஈஐசி' என்ற வேறு வடிவத்தில் சேமிக்கிறது. பல அரசுத் தளங்கள் 'ஜேபிஜி' மட்டுமே ஏற்கும். ஃபைலின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் 'ஜேபிஜி' என்று மாற்றினால் வேலை நடக்காது. உள்ளே இருப்பது பழைய வடிவம்தான் என்பதை சர்வர் கண்டுபிடித்துவிடும். கேமரா செட்டிங்ஸில் ஃபார்மட்ஸ் பகுதிக்குச் சென்று 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்வு செய்துவிட்டு படம் எடுத்தால் ஜேபிஜியாகவே கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத தவறுகள்

செல்போனில் ஃபார்ம் நிரப்புபவர்களுக்கு மட்டுமே வரும் சில எரர்கள் உண்டு. கீபோர்டு காட்டும் பரிந்துரையைத் தொட்டு இமெயிலை நிரப்பினால், கடைசியில் ஒரு இடைவெளியை கீபோர்டே சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஃபார்ம் 'இமெயில் தவறு' என்று சொல்லும். கட்டத்தின் கடைசியில் கர்சரை வைத்து ஒருமுறை அழித்துப் பாருங்கள், எரர் போய்விடலாம்.

ஆட்டோஃபில் வசதியும் அப்படித்தான். சேமித்து வைத்த செல்போன் எண்ணை நாட்டின் குறியீடான +91 உடன் சேர்த்துப் போட்டுவிடும். ஃபார்ம் கேட்பதோ 10 இலக்கம் மட்டும். சில நேரம் பழைய வீட்டு முகவரி, பழைய பின்கோடு எல்லாம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதில் எரர் வராது என்பதுதான் ஆபத்து. 6 இலக்கம் சரியாக இருந்தால் ஃபார்ம் ஏற்றுக்கொள்ளும். அது உங்கள் ஊர்தானா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தேதியில் முதலில் நாளா, மாதமா என்பதையும் கவனியுங்கள். 05/08 என்பது நமக்கு ஆகஸ்ட் 5. அமெரிக்க முறையில் அமைந்த ஃபார்முக்கு அது மே 8. இதிலும் எரர் வராது, ஆனால் பிறந்த தேதியே மாறிவிடும்.

'யூசர்நேம் அல்லது பாஸ்வேர்ட் தவறு': எது என்று ஏன் சொல்வதில்லை?

லாகின் செய்யும்போது இந்த மெசேஜைப் பார்த்து எரிச்சல் அடையாதவர்கள் இல்லை. "ரெண்டுல எது தப்புன்னு சொன்னா என்ன குறைஞ்சுடும்?" என்று தோன்றும்.

இது வேண்டுமென்றே செய்வது. 'பாஸ்வேர்ட் மட்டும் தவறு' என்று தளம் சொன்னால், அந்த இமெயிலில் ஒரு கணக்கு இருக்கிறது என்பதை ஒரு மோசடிக்காரர் உறுதி செய்துகொள்வார். அடுத்து பாஸ்வேர்டை மட்டும் கண்டுபிடித்தால் போதும். அந்தத் தகவலைத் தராமல் இருக்கத்தான் இப்படிப் பொதுவாகச் சொல்கிறார்கள்.

ஆனால் புதிதாக கணக்கு தொடங்கும்போது பாஸ்வேர்ட் விதிகளை மறைக்க எந்தக் காரணமும் இல்லை. குறைந்தது எத்தனை எழுத்து, எண் வேண்டுமா, எந்தக் குறிகள் ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே சொல்வதுதான் சரி. ஒவ்வொரு விதியாக எரரில் சொல்லி நான்கு முறை திருப்பி அனுப்புவது தளத்தின் குறை.

உங்கள் தவறே இல்லாத எரர்கள்

500, 502, 503, 504 போன்ற எண்கள் திரையில் வந்தால், நீங்கள் நிரப்பியதில் தவறு என்று அர்த்தமில்லை. 5-ல் தொடங்கும் இந்த எண்கள் சர்வர் பக்கம் ஏற்பட்ட கோளாறைக் குறிப்பவை. கடைசி நாளில் ஒரே நேரத்தில் நிறைய பேர் நுழையும்போது இது அடிக்கடி வரும். சரியாக இருக்கும் தகவல்களை மாற்றிக்கொண்டிருக்காமல், சிறிது நேரம் கழித்து முயற்சி செய்யுங்கள்.

'செஷன் எக்ஸ்பயர்டு' என்று வந்தால், நீண்ட நேரம் எதுவும் செய்யாமல் இருந்ததால் தளம் உங்களை வெளியேற்றிவிட்டது என்று பொருள். சான்றிதழைத் தேடப் போவதற்கு முன் 'சேவ் டிராஃப்ட்' வசதி இருந்தால் அதை அழுத்திவிட்டுப் போவது நல்லது.

கட்டணம் செலுத்தும்போது எரர் வந்தால் மட்டும் இன்னும் நிதானம் தேவை. பணம் எடுக்கப்பட்டுவிட்டது, ஆனால் விண்ணப்பத்தில் காட்டவில்லை என்றால் உடனே மறுபடி கட்ட வேண்டாம். முதலில் தளத்தில் பேமென்ட் ஸ்டேட்டஸைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, யுபிஐ மூலம் பணம் எடுக்கப்பட்டும் பெறுபவருக்கு உறுதியாகவில்லை என்றால், 5 நாட்களுக்குள் தானாகவே திரும்ப வர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு தர வேண்டும்.

நல்ல எரர் மெசேஜ் எப்படி இருக்க வேண்டும்?

இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதற்குத் தெளிவான விதிகளை வைத்திருக்கிறது. எந்தக் கட்டத்தில் தவறு என்று காட்ட வேண்டும். என்ன தவறு என்பதை எழுத்தில் சொல்ல வேண்டும். திருத்தும் வழி தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. சட்டம், பணம் சம்பந்தப்பட்ட ஃபார்ம் என்றால், அனுப்புவதற்கு முன் சரிபார்த்துத் திருத்த வாய்ப்பு தர வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பியதைத் திரும்பப் பெறும் வழியாவது இருக்க வேண்டும்.

'இன்வேலிட் இன்புட்' என்பதற்குப் பதில், 'ஐஎஃப்எஸ்சி கோடில் 11 எழுத்து இருக்க வேண்டும், நீங்கள் 10 மட்டுமே போட்டிருக்கிறீர்கள்' என்று அந்தக் கட்டத்துக்குக் கீழேயே எழுதியிருந்தால் யாருக்கும் குழப்பம் இருக்காது. அவ்ளோதான் விஷயம்.

இது வெறும் வசதி சார்ந்த விஷயம் அல்ல. கட்டத்தைச் சுற்றி சிவப்பு கோடு போட்டு மட்டும் காட்டினால், சிவப்பு பச்சை வித்தியாசம் தெரியாதவர்களுக்குப் புரியாது. ஸ்கிரீன் ரீடர் மூலம் கேட்டு ஃபார்ம் நிரப்பும் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு, அந்தக் கோடு இருப்பதே தெரியாது. எழுத்தில் இருந்தால்தான், அதுவும் அந்தக் கட்டத்துடன் சரியாக இணைக்கப்பட்டிருந்தால்தான் ஸ்கிரீன் ரீடர் வாசித்துக் காட்டும்.

மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிமுறைகளும் இந்த சர்வதேச தரத்தையே பின்பற்றச் சொல்கின்றன. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பை அளித்தது. ஆன்லைன் கேஒய்சியில் கண் சிமிட்டச் சொல்லும் சோதனையைத் தாண்ட முடியாமல் தவித்த ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும், பார்வைக் குறைபாடு உள்ளவரும் தொடர்ந்த வழக்கு அது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு கூறியது. நிரப்ப முடியாத ஃபார்ம் என்பது ஒருவரை சேவையிலிருந்தே வெளியே நிறுத்துகிறது என்பதே இதன் சாரம்.

எரர் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

* பக்கத்தை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். மெசேஜ் ஒரு இடத்திலும், தவறான கட்டம் வேறு இடத்திலும் இருக்கலாம்.

* எரர் வந்த கட்டத்தை முழுவதும் அழித்துவிட்டு, கையால் மறுபடி டைப் செய்யுங்கள்.

* போட்டோ, கையெழுத்து, கேப்ட்சா, பாஸ்வேர்ட் காலியாகிவிட்டதா என்று பாருங்கள்.

* தொடர்ந்து வந்தால் வேறு பிரவுசரிலோ, கம்ப்யூட்டரிலோ முயற்சி செய்யுங்கள். தேவைப்பட்டால் அருகில் உள்ள இ-சேவை மையத்தை நாடலாம்.

* தேதி, நேரம் தெரியும்படி எரரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஹெல்ப்டெஸ்கில் புகார் அளிக்கும்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

* தேர்வு விண்ணப்பத்தில் தவறான தகவல் போய்விட்டால், அறிவிப்பில் திருத்தம் செய்ய தனியாக அவகாசம் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

* தமிழ்நாடு அரசு சேவைகள் குறித்த புகாருக்கு முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

"உங்க அப்ளிகேஷன்ல எரர் இருக்கு, ஓடிபி சொல்லுங்க, சரி பண்ணித் தர்றோம்" என்று யாராவது போனில் அழைத்தால் நம்ப வேண்டாம். ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது. ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளியுங்கள்.

சப்மிட் ஆனதும் வேலை முடிந்துவிட்டது என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். விண்ணப்ப எண் வந்திருக்கிறதா என்று பார்த்து, பிடிஎஃப் காப்பியை டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண் ஆகிய மூன்றையும் சான்றிதழோடும் பாஸ்புக்கோடும் ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். எரர் வராமலே உள்ளே போன தவறுகளைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.